வீட்டுக் கடனுக்கு முன்னால் ஒரு கார்டு

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் பதினோரு வருடமாக பில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். புடவையை விரித்துக் காட்டுவது, விலை பேசுவது, முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிற்க வைப்பது எல்லாம் மாடியில் நடக்கும். கீழே என்னிடம் வரும்போது பணம் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி இருக்கும். அதனால் எனக்குப் புடவைகளைவிட கார்டுகள்தான் அதிகம் பழக்கம். நீலம், கறுப்பு, தங்க நிறம் என்று எத்தனையோ தினுசு. சில கார்டுகளைக் கண்ணாடி மேஜையில் வைத்தால் ஸ்பூன் விழுந்த மாதிரி ஓசை கேட்கும், உலோகத்தில் செய்தவை. சிலவற்றில் நம்பரே இருக்காது. மாடிப்படி இறங்கி வருகிறவர்களைப் பார்த்து, இவர் எந்தக் கார்டை எடுப்பார் என்று மனசுக்குள் ஊகித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

இத்தனை கார்டு பார்த்தும், அவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்க வைத்தவள் ஒரு கல்யாணப் பெண்.

வைகாசி முகூர்த்தங்களுக்கு முந்தின வாரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவளுக்குத்தான் கல்யாணம். முகூர்த்தப் புடவை, அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் எடுத்தது எல்லாமாகப் பதினேழு புடவைகள். நான் பில்லை நீட்டியதும் அவள் பையிலிருந்து நாலு கார்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கலர் ஸ்டிக்கர்.

"அக்கா, பில்லை மூணா பிரிச்சுப் போட முடியுமா?"

பக்கத்தில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். அப்படிப் பிரித்துப் போடச் சொல்கிறவர்களிடம் ஒரு கார்டில் பணம் பத்தவில்லை என்றுதான் நாங்கள் நினைப்போம். அவளுடைய அம்மாவும் அதைத்தான் நினைத்தார்.

"ஏண்டி, ஒரே கார்டுல குடுக்க முடியாதா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"எல்லாத்துலயும் பணம் இருக்கும்மா. கொஞ்சம் சும்மா இரு. அக்கா, முதல்ல பத்து ரூபாய்க்கு மட்டும் போடுங்க."

பத்து ரூபாய்க்கு எங்களிடம் இருந்தது துணிப்பை ஒன்றுதான். அதற்கு ஒரு பில் போட்டு, மெஷினில் கார்டைத் தேய்த்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இது நகைக்கடையா?"

"பட்டுக்கடைமா. வெளியில அவ்ளோ பெரிய போர்டு வெச்சிருக்குதே."

"இந்த மெஷின்ல நகைக்கடைன்னு பதிவாகுது. நகைன்னா இந்தக் கார்டுல செலவுக்குக் குடுக்கற பாயின்ட் ஒண்ணு கூட வராது. அந்த இன்னொரு மெஷின்ல பாக்கலாமா?"

என் வலது கைப் பக்கம் இன்னொரு மெஷின் எப்போதும் இருக்கும். இன்னொரு துணிப்பை, இன்னொரு பத்து ரூபாய். இந்த முறை அவள் சிரித்தாள். "துணிக்கடைன்னு வந்துருச்சு. இதுலயே எல்லாத்தையும் போட்டுடுங்க."

பதினோரு வருடமாக எந்த மெஷின் கைக்கு எட்டுகிறதோ அதில்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதில் காகித ரோல் தீர்ந்துபோயிருக்கிறது என்பதைத் தவிர அந்த இரண்டுக்கும் எனக்கு வேறு வித்தியாசம் தெரியாது. பின்னால் இரண்டு குடும்பங்கள் நின்றிருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்மா, அந்த ஸ்டிக்கர் எதுக்கு?"

அவள் சொன்னாள். பச்சை ஒட்டியது துணிக்கும் ஓட்டலுக்கும். மஞ்சள் ஆன்லைனில் வாங்குவதற்கு, இன்றைக்கு அது வேண்டாம். நீலத்தில் வருடத்துக்கு இவ்வளவு செலவு செய்தால் ஆண்டுக் கட்டணம் கிடையாது, அதற்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதால் இன்றைக்கு அதிலும் ஒரு பங்கு. சிவப்பு புதிது, மூன்று மாதத்துக்குள் ஒரு தொகையைத் தாண்டினால் பரிசு. "பில் வந்ததும் முழுசா கட்டிடணும்கா. ஒரு மாசம் தவறினாலும் அவன் குடுத்த பாயின்ட்டை விட வட்டி நாலு பங்கு போயிடும்." அவள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் முதலாளியிடம் கேட்டேன். "அந்தப் பழைய மெஷினா? எங்கப்பா ஜரிகை வியாபாரம் பண்ணிக்கினு இருந்தாரும்மா. அந்தக் கணக்குல எடுத்தது. வெள்ளி ஜரிகைன்னு நகையில சேத்துட்டான் போல" என்றார். அவருக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை. எனக்குப் பட்டது. மறுநாளிலிருந்து கிரெடிட் கார்டு நீட்டுகிறவர்களுக்கு வலது கை மெஷினையே எடுத்தேன். அதனால் எத்தனை பேருக்கு என்ன கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் செவிலிமேட்டில் எங்களுக்கு ஒரு வீடு அமைந்தது. ஒரே வரிசையில் ஆறு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பார்த்தது கடைசி வீடு, பாலாற்றுப் பக்கம் ஜன்னல். சுவர் எழும்பி மேல்தளம் போட்டிருந்தது. "ஆறு மாசத்துல சாவி" என்றார் கட்டுகிறவர். எங்கள் சேமிப்பையும் சீட்டுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மீதிக்கு பேங்க் கடன் என்று முடிவு செய்தோம். என் கணவர் ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறார், காலையில் கம்பெனி பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்புவார். எட்டாவது படிக்கும் ஒரு மகள். வாடகை வீட்டில் இருந்த பழைய ஃப்ரிட்ஜ் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. வாஷிங் மிஷின் எங்களிடம் இருந்ததே இல்லை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் என்று அவர் காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார்.

"எப்படியும் வாங்கத்தான் போறோம். ஒரு நல்ல கார்டு எடுத்து அதுல வாங்குனா பாயின்ட்டாவது வருமில்ல?" என்றேன்.

"இன்னாம்மா நீ. வீட்டுக்குக் கடன் வாங்கறதுக்கு முன்னாடி கார்டு கடனா? கடையில உக்காந்து ஊர்க் கார்டையெல்லாம் பாத்து உனக்கு ஆசை வந்துச்சு" என்று சிரித்தார்.

ஆசை வந்தது உண்மைதான். ஆனால் வாங்கும் ஆசையைவிட, அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

என் சம்பளம் போகும் பேங்கில் கடன் பிரிவில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். வீட்டுக் கடனைப் பற்றிக் கேட்கத்தான் முதலில் போனேன். பெண் பெயரை முதலில் போட்டால் வட்டி கொஞ்சம் குறையும் என்று அவரே சொன்னார். பிறகு என் பான் நம்பரை அடித்துப் பார்த்தார்.

"மேடம், உங்களுக்கு கிரெடிட் ஸ்கோரே இல்ல. மைனஸ் ஒன்னு காட்டுது."

"நான் யாருகிட்டயும் ஒரு ரூபா கடன் வாங்கினதில்லையே. அதுக்கு மைனஸா?"

"வாங்கினதில்லைங்கறதாலதான் மேடம். வாங்குனா எப்படிக் கட்டுவீங்கன்னு சிஸ்டத்துக்குத் தெரியாது."

எனக்குக் கோபம் வரவில்லை. வேடிக்கையாக இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது கார்டு என் கையில் வந்து போகிறது, என்னைப் பற்றி அந்த கம்ப்யூட்டரில் ஒரு வரி கூட இல்லை. அவர் ஒரு வழி சொன்னார். முப்பதாயிரம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட் போட்டால் அதை வைத்து ஒரு கார்டு தருவார்கள். ஆறு மாதம் கொஞ்சமாகச் செலவு செய்து ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோர் வந்துவிடும். பாயின்ட் பெரிதாகக் கிடைக்காது. வீடு முடியவும் ஆறு மாதம் ஆகும் என்பதால் சரி என்றேன்.

பத்து நாளில் கார்டு வந்தது. இளம்பச்சை நிறம், லேசானது, மேஜையில் வைத்தால் ஓசையே கேட்காது.

அந்த ஆறு மாதம் எனக்கு ஒரு புது விளையாட்டு. ஊரில் எந்தக் கடை எதுவாகப் பதிவாகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். கோயில் பக்கத்தில் நாங்கள் இட்லி வாங்கும் ஓட்டல், போனில் தங்கும் விடுதி என்று வந்தது. மருந்துக்கடையோ மளிகைக்கடை என்று வந்தது. நோட்டுப் புத்தகம் வாங்கிய கடை சரியாக வந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மகளையும் இது தொற்றிக்கொண்டது. கடையை விட்டு வெளியே வந்ததும், "இது இன்னான்னு வருதுமா?" என்று போனை எட்டிப் பார்ப்பாள்.

ஃப்ரிட்ஜ் வாங்கப்போகும் கடையை முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பொருள்களிலேயே மலிவானது மிக்ஸி ஜார் மூடிக்குப் போடும் ரப்பர் வளையம். அறுபது ரூபாய். கார்டை நீட்டினேன். விற்பனையாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அறுபது ரூபாதான்மா. போன்ல அனுப்பிடுங்களேன்."

"கார்டுலயே போடுங்க."

"சில்லறை இல்லன்னா அப்புறம்கூட குடுங்க, பரவாயில்ல."

"இல்ல சார், இது என்ன கடைன்னு பாக்கணும்."

அவர் திரும்பி தன் கடையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சுற்றிலும் டிவிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு கார்டைத் தேய்த்தார். மின்சாதனக் கடை என்று சரியாகவே வந்தது. அந்த ரப்பர் வளையம் எங்கள் மிக்ஸிக்குப் பொருந்தவில்லை.

மதியத்தில் சாப்பிட்ட பிறகு கார்டுகளின் விதிகளைப் போனில் படிப்பேன். பெரிய எழுத்தில் இருப்பதைவிட கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் சுவாரசியம். வாடகைக்குக் கிடையாது, பெட்ரோலுக்குக் கிடையாது, மாதத்துக்கு இவ்வளவுதான், பாயின்ட்டைப் பணமாக மாற்றவும் ஒரு கட்டணம். ராத்திரி சாப்பிடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்வேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே "ம்" கொட்டுவார். காதில் விழவில்லை என்றே நினைத்திருந்தேன்.

ஆறாவது மாத முடிவில் எனக்கு ஸ்கோர் வந்துவிட்டது. அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். நல்ல எண். அதோடு என் போனுக்கே ஒரு செய்தியும் வந்திருந்தது, வீட்டுச் சாமான்களுக்கு ஐந்து மடங்கு பாயின்ட் தரும் ஒரு கார்டு எனக்குத் தயாராக இருக்கிறது என்று. நான் எதிர்பார்த்திருந்ததே அதுதான். வாங்கலாமா என்று அவரையே கேட்டேன்.

"வேணாம் மேடம். வீட்டுக் கடன் கைக்கு வர்ற வரைக்கும் புதுசா எதுக்கும் விண்ணப்பிக்காதீங்க. பெருசா எதுவும் வாங்காதீங்க. ஃப்ரிட்ஜை இப்ப தவணையில போட்டா, அந்தத் தவணையையும் கழிச்சுக்கினுதான் உங்களுக்கு எவ்ளோ கடன் தரலாம்னு பாப்பாங்க."

சரி என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் நானும் என் கணவரும் ஒன்றாகப் போய் எல்லா காகிதங்களையும் கொடுத்தோம். என் பெயர் முதலில், அவர் பெயர் இரண்டாவது. அதிகாரி அவருடைய பான் நம்பரை அடித்தார். திரையைக் கீழே நகர்த்திப் பார்த்தார்.

"சார், போன மாசம் மூணு இடத்துல கார்டுக்குக் கேட்டிருக்கீங்களே. எதுலயும் கார்டு வந்த மாதிரி தெரியலையே. ஏதாவது பண நெருக்கடியா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தார்.

"நெருக்கடியெல்லாம் இல்ல மேடம்" என்றார். "சும்மா கேட்டேன்."

"சும்மாவா? ஒரே மாசத்துலயா?"

"மூணுல ஒண்ணு தருவான்னு."

அதிகாரி சிரிக்கவில்லை. ஒரே சமயத்தில் பல இடத்தில் கேட்டால், கையில் பணமில்லாமல் அலைகிறார் என்றுதான் சிஸ்டம் எடுத்துக்கொள்ளுமாம். அவருடைய ஸ்கோர் நாற்பது புள்ளி இறங்கியிருந்தது. இப்போதே கடன் வேண்டுமென்றால் வட்டி கொஞ்சம் கூடும். எப்படியிருந்தாலும் மூன்று இடத்திலும் ஏன் கேட்டார் என்று ஒரு விளக்கக் கடிதம் வேண்டும்.

அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி அவர் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து அதிகாரியிடம் நீட்டினார். அவர் படித்தார், வாயைக் கையால் மூடிக்கொண்டார், பிறகு என்னிடம் கொடுத்தார். அதில் இருந்தது இதுதான்: "என் மனைவி பட்டுக்கடையில் பில் போடுபவர். ஆறு மாதமாகத் தினமும் இரவு கார்டுகளைப் பற்றியே பேசுகிறார். கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்தது. அவருக்குத் தெரியாமல் ஒரு நல்ல கார்டு எடுத்து, வாஷிங் மிஷின் வாங்கி வீட்டில் வைக்க எண்ணினேன். பணத்தேவை எதுவும் இல்லை. தவறுக்கு வருந்துகிறேன்."

"சார், 'ஆசை வந்தது'ங்கறத மட்டும் எடுத்துட்டு இன்னொரு காப்பி எழுதிக் குடுங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றார் அதிகாரி.

வண்டியில் திரும்பும்போது மூங்கில் மண்டபம் வரைக்கும் அவர் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியையே பிடித்துக்கொண்டு வந்தேன். கோபம் இருந்தது. ஆறு மாதம் நான் இட்லிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் தேய்த்து ஒரு எண்ணைச் சேர்த்தால், இவர் ஒரே மாதத்தில் தன்னுடையதை இறக்கியிருக்கிறார். ஆனால் கோபத்துக்கு நடுவிலும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏங்க, அந்த மூணாவது கார்டு எதுக்கு?"

"அதுல ஏர்போர்ட்ல உக்காந்து ஃப்ரீயா சாப்பிடலாமாம்."

"நாம எப்ப ஏர்போர்ட்டுக்குப் போனோம்?"

"போனா சாப்பிடலாமேன்னுதான்."

அதற்குப் பிறகு கோபமாக இருப்பது கஷ்டமாகிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்தது அவருக்குத் தெரியாது.

வீட்டில் இன்னும் தரைக்கு டைல்ஸ் போடவில்லை. கட்டுகிறவர் மேலும் இரண்டு மாதம் கேட்டார். வழக்கமாக இருந்தால் சண்டை போட்டிருப்போம், அந்த முறை எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. நாங்களும் பேங்கில் அவகாசம் வாங்கிக்கொண்டோம். அந்த நாட்களில் அவர் போனில் வரும் கார்டு விளம்பரங்களை என் முன்னாலேயே அழிப்பார். கம்பெனி பஸ்ஸில் யாராவது கார்டு என்று பேச்செடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதாகச் சொன்னார். மூன்றாவது மாதத் தொடக்கத்தில் பார்த்தபோது அவருடைய ஸ்கோர் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்திருந்தது. முதலில் சொன்ன வட்டிக்கே கடன் கிடைத்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் என் பெயரை முதலில் வாசித்தபோது அவர் என் முழங்கையை இடித்தார்.

பால் காய்ச்சிப் பழைய சாமான்களோடேயே குடியேறினோம். முதல் தவணை கட்டிய பிறகுதான் நான் அந்த ஐந்து மடங்கு கார்டுக்கு விண்ணப்பித்தேன், அதுவும் அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு. கார்டு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம்.

ஃப்ரிட்ஜைப் பார்த்து முடித்ததும் விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். "கார்டுன்னா இந்த ரேட்டுமா. கேஷ்னா ரெண்டாயிரம் கம்மி பண்ணித் தரேன்."

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு மாதப் படிப்பில் இந்த ஒரு வரி எங்கேயும் இல்லை. கடை ஓரத்தில் நின்று போனில் கணக்குப் போட்டேன். ஃப்ரிட்ஜுக்கு வரும் பாயின்ட் எல்லாவற்றையும் பணமாக மாற்றினாலும் இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. வாஷிங் மிஷினுக்கு அப்படி இல்லை, கம்பெனியே கார்டுக்குத் தனியாகத் தள்ளுபடி கொடுத்திருந்தது.

"ஃப்ரிட்ஜுக்கு ரொக்கம். மத்த ரெண்டும் கார்டு" என்றேன்.

"அப்ப பாயின்ட்?" என்றார் அவர். அவருக்குத்தான் ஏமாற்றம்.

"வர்றது வரட்டும்."

அடுத்த மாதம் பில் வந்ததும் முழுவதும் கட்டினேன். பாயின்ட்டாகக் கிடைத்தது எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய் பெறும். மகள் தமாஷாக, "இவ்ளோதானா?" என்றாள். இவ்வளவுதான். நான் எதிர்பார்த்ததில் பாதி. ஆனால் அது எப்படி வந்தது என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் என்னால் சொல்ல முடியும்.

வாஷிங் மிஷின் முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. கடையிலிருந்து வந்த மெக்கானிக் குழாயை மாட்டி, எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டுப் போனார். மகளின் ஸ்கூல் யூனிஃபார்ம், அவருடைய கம்பெனிச் சட்டைகள், இரண்டு பெட்ஷீட் போட்டு பட்டனை அழுத்தினோம். உள்ளே தண்ணீர் மெல்ல ஏறியது. துணி ஒரு பக்கம் சுற்றியது, நின்றது, மறுபக்கம் சுற்றியது. அவர் போய் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து வந்து எதிரே போட்டார்.

"எதுக்குப்பா நடுவுல நின்னு நின்னு சுத்துது?" என்று மகள் கேட்டாள்.

"தெரியலையே. இரு, பாக்கலாம்" என்றார்.

மிஷினோடு வந்த புஸ்தகத்தில் ஒரு மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. மூன்று பேரும் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தோம்.